கனிந்த ஒலிக்கு ரவுண்ட்வவுண்ட் தந்தி: கொழும்பில் பேஸ் வாசிப்பவரின் தெரிவுகள்

பேஸ் கிட்டாரில் உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்தியைப் போட்டுக்கொண்டே கனிந்த ஒலி வேண்டும் என்று கேட்பவரைச் சிலர் விசித்திரமாகப் பார்ப்பார்கள். கனிவு வேண்டுமென்றால் தட்டைக் கம்பி சுற்றிய பிளாட்வவுண்ட் இருக்கிறதே, பளிச்சென்ற ஒலி தேவைப்படுபவருக்குத்தானே ரவுண்ட் என்பது அவர்களுடைய வாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவோடும் மற்ற நாட்களில் திருமண வரவேற்புகளில் இசைக்குழுவோடும் வாசித்துவரும் எனக்கு இந்தப் பாகுபாடு அவ்வளவு நேர்கோடாகத் தெரியவில்லை. ஒரே மாலையில் பொப்பிசை, இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலா, எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள், நடுவே யாராவது மேடையேறிப் பாடும் ஆங்கிலப் பாட்டு என்று எல்லாம் வந்துபோகும் இந்த ஊரில், விரல் மெதுவாகத் தொடும்போது உருண்டையாகவும், அழுத்தி இழுக்கும்போது சற்றே உறுமியும் ஒலிக்கும் தந்திதான் கைகொடுக்கிறது. முதலாவதைப் பிளாட்வவுண்ட் மிக அழகாகச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. ஆகவே இரண்டையும் செய்யக்கூடிய ரவுண்ட்வவுண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

பேஸ் கிட்டாரின் முதல் தலைமுறையினருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. 1950களிலும் 1960களின் பெரும்பகுதியிலும் அதில் பிளாட்வவுண்ட் போடுவதே வழக்கம். டெட்ராயிட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் பதிவுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கனமான லா பெல்லா பிளாட்வவுண்ட் தந்திகளைப் போட்டிருந்தார். அவை அறுந்தாலொழிய மாற்றுவதில்லை என்பதும், வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் வாசித்தார் என்பதும் பேஸ் உலகம் அறிந்த செய்திகள். மறுபக்கத்தில், இங்கிலாந்தின் 'த ஹூ' குழுவைச் சேர்ந்த ஜோன் என்ட்விசிலுக்குப் பியானோவின் அடித்தந்தி போல முழங்கும் ஒலி தேவைப்பட்டது. அத்தகைய தந்தியோடு வந்த டேன்எலெக்ட்ரோ பேஸில் தந்தி அறுந்தபோது மாற்றுத் தந்தி லண்டனில் கிடைக்காமையால் அவர் இன்னொரு கிட்டாரையே வாங்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அவருடைய தேவையை ஒட்டி ரோட்டோசவுண்ட் நிறுவனம் 1966இல் உருவாக்கிய 'ஸ்விங் பேஸ் 66' என்னும் துருப்பிடிக்கா உருக்குத் தந்திதான் ரவுண்ட்வவுண்டுக்கு உலகெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதன் முனைகளில் சுற்றியிருக்கும் சிவப்புப் பட்டு நூலை இன்றும் மேடைகளில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ரவுண்ட்வவுண்ட் என்றாலே பளபளப்பு என்னும் எண்ணம் பலருடைய மனதில் ஊன்றிப்போனதற்கு அந்தத் தந்தியின் வெற்றி ஒரு முக்கிய காரணம் என்றே நினைக்கிறேன்.

தந்தியின் அமைப்பு எளிமையானது. நடுவில் ஓர் உருக்குக் கம்பி; அதன்மேல் இன்னொரு மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றுக்கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட், தட்டையான நாடாவாக இருந்தால் பிளாட்வவுண்ட். உருண்டைக் கம்பியின் சுற்றுகளுக்கிடையே நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. விரல் உரசும் சத்தம், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியான ஃப்ரெட்டில் தந்தி படும் கீறல், தோலின் அழுக்கு சேர்வதற்கான இடம் எல்லாம் அந்தப் பள்ளங்களில்தான் இருக்கின்றன.

கனிவு என்று நாம் சொல்வது எங்கே இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். நான்காம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வரும் ஈ சுரத்தின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ், மற்ற மூன்றும் 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். எந்த நிறுவனத்தின் எந்தத் தந்தியைப் போட்டாலும் சுருதி சேர்த்த பிறகு இந்த எண்கள் மாறப்போவதில்லை. மாறுவது அவற்றின்மேல் எழும் மேற்சுரங்களின் அளவும், அவை எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதும்தான். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் சிறிய அம்ப்ளிஃபயர்களில் 41 ஹெர்ட்ஸ் பெரிதாக வெளியே வருவதில்லை. 82, 123 ஹெர்ட்ஸில் வரும் மேற்சுரங்களைக் கேட்டுக் காதே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஏறத்தாழ 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான பகுதி நிறைவாக இருந்து, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கணகணப்பு அடக்கமாகவும் விரைவாகத் தேய்வதாகவும் இருந்தால் அந்த ஒலியைக் கனிந்தது என்கிறோம். மேற்பகுதி அடியோடு இல்லாமல் போனால் அது கனிவாகாது. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். தேவையானது மேற்பகுதியின் அழிவு அன்று, அதன் பணிவு.

இதைத் தீர்மானிப்பதில் முதலிடம் சுற்றுக்கம்பியின் உலோகத்துக்கு. துருப்பிடிக்கா உருக்கு, நிக்கல் பூசிய உருக்கு, தனி நிக்கல் என்று மூன்று வகைகள் பரவலாக உண்டு. துருப்பிடிக்கா உருக்கு மூன்றிலும் கடினமானது, மூன்றிலும் பிரகாசமானது. கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் பாணிக்காரர்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை. நகத்தைத் தந்தியின்மேல் நீளவாட்டில் இழுத்துப் பாருங்கள்: உருக்கில் அரம் தேய்ப்பது போன்ற கூரான சத்தம் வரும், நிக்கல் பூச்சில் அது ஒரு படி மழுங்கும், தனி நிக்கலில் நகம் அநேகமாக வழுக்கிக்கொண்டே போகும், சத்தமும் தடித்துக் கேட்கும். அம்ப்ளிஃபயரில் இணைக்காமலே செய்து பார்க்கக்கூடிய இந்தச் சோதனை, பொதி உறையில் அச்சிட்டிருக்கும் வர்ணனைகளைவிட நம்பகமானது. உருக்குத் தந்தி, வழக்கமான நிக்கல்-சில்வர் ஃப்ரெட்டுகளை மற்ற இரண்டையும்விட விரைவாகத் தேய்க்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஃப்ரெட் மாற்றும் வேலையைப் பொறுப்போடு செய்பவர்கள் நம்மூரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

நிக்கல் பூசிய உருக்குதான் இன்று பெருவழக்கு. டி'அடாரியோவின் ஈஎக்ஸ்எல் 170, ஏர்னி போல் ஸ்லிங்கி, ஃபெண்டர் 7250, ரோட்டோசவுண்டின் ரோட்டோ பேஸ் எல்லாம் இந்த வகை. வாங்கிப் போட்ட புதிதில் இவையும் பளிச்சென்றே ஒலிக்கும். ஆனால் வாசிக்க வாசிக்க அந்தக் கூர்மை அடங்கி, நடுப்பகுதி எழுந்து வரும் ஒரு நிலைக்கு வந்து அங்கேயே கணிசமான காலம் நிற்கும். தனி நிக்கல் அவ்வாறு அன்று; பொதியிலிருந்து எடுத்த அன்றே அடங்கிய குரலில் பேசும். உருக்கைவிட நிக்கலின் காந்தத் தன்மை குறைவு என்பதால் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவியான பிக்அப்புக்குக் கிடைக்கும் சமிக்ஞையும் சற்றுக் குறையும்; அம்ப்ளிஃபயரில் கொஞ்சம் ஏற்றிவைத்தால் போதும். ஃபெண்டர் 7150 இந்த வகையில் எளிதாகப் பெயர் சொல்லக்கூடியது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறையில் 'நிக்கல்' என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் நிக்கல் பூசிய உருக்குத்தான்; தனி நிக்கலாக இருந்தால் 'பியூர் நிக்கல்' என்று வெளிப்படையாகவே சொல்லியிருப்பார்கள். இரண்டிலும் உள்ளே இருக்கும் நடுக்கம்பி உருக்குத்தான்.

இனிக் கொழும்புக்கே உரிய பிரச்சினைக்கு வருகிறேன், ஏனென்றால் வெளிநாட்டு ஆலோசனைகளில் இது அகப்படாது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. யன்னல் கம்பி, கேற்றுக் கொழுக்கி, மின்விசிறியின் திருகாணி எல்லாம் கறள் கட்டும் இடத்தில் கிட்டார் தந்தி மட்டும் தப்பிக்குமா? காற்றின் ஈரப்பதனோடு விரலின் வியர்வையும் சேரும்போது, நிக்கல் பூச்சு தேய்ந்த இடங்களில் அடியிலுள்ள உருக்கு கறுக்கத் தொடங்குகிறது. இடக்கை அதிகம் புழங்கும் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்கு மேலேயும், வலக்கை விரல்கள் தொடும் பிக்அப் பகுதியிலும் அந்தக் கறுப்பு முதலில் தெரியும். குளிர்நாட்டில் பல மாதம் நிற்கும் தந்தி இங்கே அதில் ஒரு பங்கு காலமே நிற்கிறது.

இதனால் நம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது: தந்தியை மாற்றாமல் விட்டால் தானாகவே கனிந்துவிடும் என்பது. பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கனகாலம் போட்ட தந்தியோ? நல்லா ஊறியிருக்கு" என்றார். அதற்கு முந்திய வாரம் போட்ட தனி நிக்கல் தந்தி அது. "ஊறின தந்தி உன்ர கிட்டாரிலதான் இருக்குது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில ஒருக்கா ரியூனரைப் பார்" என்றேன். பார்த்தோம். விரல் அழுத்தாத திறந்த தந்தி சரியான சுருதியில் நிற்க, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அதே தந்தி முள்ளைத் தாண்டி எகிறியது. கிட்டாரின் உடலில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜைத் திருகிச் சரிசெய்தால் ஏழாம் ஃப்ரெட் கோணியது. கிட்டாரில் கோளாறு ஒன்றும் இல்லை என்பது புதுத் தந்தி போட்டதும் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். வியர்வையும் தோலெண்ணெயும் தூசியும் சுற்றுகளுக்கிடையேயுள்ள பள்ளங்களில் இறுகும்போது, கை அதிகம் படும் இடத்தில் தந்தியின் எடை கூடுகிறது. படாத இடத்தில் கூடுவதில்லை. ஃப்ரெட்டுகளுக்கு மேலே சுற்றுக்கம்பி தட்டையாகத் தேய்ந்து எடை குறைவதும் உண்டு. நீளம் முழுவதும் எடை சீராக இருந்தால்தான் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் ஒழுங்கான மடங்குகளை ஒட்டி அமையும். சீர் குலைந்தால் அவை ஒன்றோடொன்று இசையாமல் கலங்கும். ஆகவே பழைய தந்தியில் மேற்பகுதி குறைவது உண்மையானாலும், அதோடு சேர்ந்து சுருதியின் துல்லியமும், ஒலி நீடிக்கும் காலமும் குறைந்துபோகின்றன. உலோகத்தால் வரும் கனிவும் அழுக்கால் வரும் மந்தமும் முதல் அரை நொடியில் ஒன்றுபோல் கேட்கலாம். ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போதும், பாடகர் ஒருவர் அதன்மேல் சுருதி எடுக்கும்போதும் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். ஜேமர்சனின் உதாரணத்தை இங்கே காட்டுபவர்கள், அவருடையது பள்ளமில்லாத பிளாட்வவுண்ட் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய தந்தியை நீரில் அவித்தெடுப்பது நெடுங்காலமாக இருந்துவரும் உபாயம். அழுக்கு இளகி, பிரகாசம் கொஞ்ச நாளைக்குத் திரும்பும். ஆனால் நீர் உட்புகுந்து கறளை விரைவுபடுத்தும், தேய்ந்த உலோகமும் திரும்பி வராது. மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துடைத்துக் காயவிடுவது அதைவிட நல்லது, அதிலும் நெருப்புக்கு அருகில் வேண்டாம். 2022இல் சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், தந்தி அவிக்க அடுப்பைக் கேட்பது வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வேண்டுகோளாக இருக்கவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

உலோகத்துக்கு அடுத்தது நடுக்கம்பியின் வடிவம். பெரும்பாலான தந்திகளில் அது அறுகோணமாக இருக்கும். ஆறு விளிம்புகளும் சுற்றுக்கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் தயாரிப்பது சுலபம், தந்தியும் விறைப்பாக நிற்கும். நடுக்கம்பி உருண்டையாக இருந்தால் தந்தி நெகிழ்வாக வளையும், விரலுக்கு இளகினாற்போல் இருக்கும், அடிச்சுரம் பருத்துக் கேட்கும். டிஆர் நிறுவனத்தின் சன்பீம் இந்த வகையில் நிக்கல் பூசியது. அதே நிறுவனத்தின் ஹை-பீம் உருண்டை நடுக்கம்பியின்மேல் துருப்பிடிக்கா உருக்குச் சுற்றியது. இரண்டையும் ஒரே கிட்டாரில் மாற்றிக் கேட்டால் சுற்றுக்கம்பியின் உலோகம் தனியாக என்ன செய்கிறது என்பது தெளிவாக விளங்கும். கனிவும் உறுமலும் சேர்ந்து வேண்டும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது சன்பீமைத்தான்.

உருண்டை நடுக்கம்பித் தந்தியைப் போடும்போது ஓர் எச்சரிக்கை உண்டு. சுற்றுக்கம்பியைக் கவ்வ விளிம்புகள் இல்லாததால், நீளம் போக மிஞ்சுவதை அப்படியே வெட்டினால் வெட்டிய முனையிலிருந்து சுற்று தளர்ந்து, அந்தத் தளர்வு தந்தி நெடுகிலும் பரவிவிடும். பிறகு அது செத்த தந்திதான். வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பாகக் குறட்டால் செங்கோணத்தில் அழுத்தமாக மடித்து, மடிப்புக்கு வெளியே வெட்ட வேண்டும். மடித்த முனை சுருதிக் கட்டையின் துளைக்குள் இறங்கியதும், தந்தி முறுகிவிடாதபடி கையால் நேராகப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். அறுகோணத் தந்திக்கும் இதே முறையைக் கையாண்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆகவே எல்லாத் தந்திக்கும் இதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

தடிமனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 45, 65, 85, 105 என்னும் வரிசை, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு, 34 அங்குல நீளமுள்ள கிட்டாருக்குப் பொருத்தமானது. 40இல் தொடங்கும் மெல்லிய வரிசையில் விரல் சுலபமாக ஓடும், ஆனால் தந்தி ஃப்ரெட்டில் அடித்துக் கணகணக்கும். கனிவைத் தேடுபவர் அந்தப் பக்கம் போவதில் பொருளில்லை. 50இல் தொடங்கும் தடித்த வரிசை உறுதியாக நிற்கும், கைக்கு வேலை அதிகம். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சாதாரண வரிசையிலேயே 80 கிலோவை ஒட்டியிருக்கும் என்பதால், தடிமன் மாறும்போது கழுத்தின் வளைவும் மாறும். அந்த வளைவைத் திருத்தும், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட்டைச் சரிசெய்யாமல் தந்தியைக் குறைசொல்லக் கூடாது.

பூச்சுத் தந்திகள் நம் காலநிலைக்கென்றே செய்தவை போலத் தோன்றும், அதில் உண்மையும் இருக்கிறது. கோர்-டெக்ஸ் துணியால் பெயர்பெற்ற கோர் நிறுவனத்தின் எலிக்ஸர் தந்திகளில் சுற்றின்மேல் ஒரு நுண்படலம் போர்த்தப்பட்டிருப்பதால் அழுக்கு பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. அவற்றில் நானோவெப் மெல்லிய படலம், சற்றுப் பிரகாசம். பாலிவெப் தடித்த படலம், அதிகக் கனிவு. விலை கூடுதல், ஆனால் ஆயுளோடு வகுத்துப் பார்த்தால் நட்டமில்லை. விரலுக்கு அவை வழுவழுவென்று இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அது என் விரலின் விருப்பம். வியர்வை அதிகம் சுரக்கும் கையுள்ளவர்கள் என் பேச்சைக் கேளாமல் பூச்சுத் தந்தியையே வாங்க வேண்டும்.

அரை ரவுண்ட் என்று சொல்லப்படும் வகையும் உண்டு. உருண்டைக் கம்பியைச் சுற்றிய பிறகு மேற்புறத்தைத் தேய்த்து மட்டமாக்கியவை அவை. டி'அடாரியோவின் ஹாஃப் ரவுண்ட்ஸ் அதற்கு உதாரணம். இரண்டு தோணியிலும் கால் வைக்கும் அந்தத் தந்தியில், அழுத்தி வாசிக்கும்போது எழ வேண்டிய உறுமல் பாதியில் நின்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

தந்தியை வீட்டில் தனியாகக் கேட்டுத் தீர்மானிப்பதில் உள்ள ஆபத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள மண்டபங்கள் பெரும்பாலும் சீமெந்துச் சுவரும் பளிங்குத் தரையும் கொண்டவை. திரை கிடையாது, கம்பளம் கிடையாது; ஆட்கள் நிறைவதற்கு முன்னர் கைதட்டினால் அந்தச் சத்தமே சுற்றிவரும். இத்தகைய மண்டபத்தில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையான பகுதி தானாகவே பெருகி நிற்கும். தனி நிக்கலின் கனிவு அதன்மேல் போய் விழும்போது எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பதே முன்வரிசையில் இருப்பவருக்குப் புரியாது. போதாக்குறைக்கு, கீபோர்ட் வாசிப்பவர் இடக்கையால் பேஸ் சுரங்களையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருப்பார். இசைக்குழுவில் பேஸ் கிட்டார்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கீபோர்ட்காரரின் இடக்கைக்கு நினைவூட்டுவது தந்தித் தெரிவைவிடப் பெரிய கலை. ஆகவே மண்டபத்துக்கு நிக்கல் பூசிய உருக்கே என் தெரிவு. வீட்டில் கேட்கும்போது ஒரு படி அதிகப் பிரகாசமாகத் தோன்றும் தந்திதான் ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் கனிந்ததாகக் கேட்கும். மக்களின் உடலும் உடையும் மேற்பகுதியைத்தான் முதலில் உறிஞ்சுகின்றன.

பாடல்களின் தன்மையும் இதையே கேட்கிறது. இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் வாசித்த சசிதரனின் பேஸை எண்பதுகளின் பாடல்களில் கூர்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும்: அங்கே பேஸ் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நில்லாமல் தனியொரு மெட்டாகக் கழுத்தில் ஏறி இறங்கும். அத்தகைய நகர்வை வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் காதில் விழ வேண்டும். கனிவு அந்தத் தொடக்கத்தை விழுங்கிவிடக் கூடாது. பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்தில் நிலைமை வேறு. அங்கே சுரத்தின் நீளத்தைவிட அது எங்கே வெட்டி நிற்கிறது என்பதே ஆட்டத்தைத் தூக்கிக் கொடுப்பதால், ஒலி விரைவில் தேயும் நிக்கல் தந்தி அதற்கு வாகாக இருக்கிறது. தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு அடியில் நீண்ட சுரங்களைத் தாழ்ந்த குரலில் நிறுத்துவதற்குத் தனி நிக்கலுக்கு நிகர் இல்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டுக் கடைக்குப் புறப்படுமுன் இருக்கிற தந்தியிலேயே சிலவற்றைச் செய்து பார்க்கலாம். வலக்கையைப் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து கழுத்துப் பக்கமாகச் சில அங்குலம் நகர்த்துங்கள். விரல் நுனியால் கொத்தாமல் நுனிச் சதையைக் கிடையாக வைத்து இழுங்கள். இரண்டு பிக்அப் கொண்ட ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் கழுத்துப் பக்கப் பிக்அப்பை முழுதாகத் திறந்து மற்றதைக் குறைக்கலாம். டோன் குமிழைப் பாதிக்குக் கொண்டுவருவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அது வாசிக்கும் அழுத்தம் எதுவானாலும் ஒரே அளவாக மேற்பகுதியை வெட்டும். தந்தியிலிருந்து வரும் கனிவோ விரலின் அழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடும். பிரிட்ஜுக்கு அருகில் தந்திகளின் அடியில் சிறு ஸ்பொஞ்சுத் துண்டைச் செருகும் வழியும் உண்டு. பழைய ஃபெண்டர் கிட்டார்களில் பிரிட்ஜ் மூடியின் உட்புறத்தில் தொழிற்சாலையிலேயே அப்படி ஒன்றை ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு கிட்டார் வைத்திருப்பவருக்குப் பிரச்சினை பாதியாகிறது: மேடைக்குப் போவதில் நிக்கல் பூசிய உருண்டை நடுக்கம்பித் தந்தி, பதிவுக்கும் தேவாலயத்துக்குமான மற்றதில் தனி நிக்கல். என்னுடைய ஏற்பாடும் அதுதான். ஒன்றே வைத்திருப்பவர் நிக்கல் பூசியதையே எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் அதைக் கையாலும் குமிழாலும் அடக்கலாம், தனி நிக்கலில் இல்லாத கூர்மையை எந்தக் குமிழாலும் வரவழைக்க முடியாது. ஐந்து தந்திக் கிட்டாரில் இன்னும் ஒரு காரணம் சேர்கிறது: 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பி தந்திக்கு மேற்சுரங்கள் இல்லாவிட்டால் அது வெறும் அதிர்வாகவே போய்விடும்.

வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்தியின் மேற்புறத்தையும், துணியைத் தந்திக்கும் ஃப்ரெட் பலகைக்கும் இடையே நுழைத்து அடிப்புறத்தையும் துடைக்க வேண்டும். அடிப்புறம்தான் ஃப்ரெட்டில் படுகிறது, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாசிக்கத் தொடங்குமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது துடைப்பதைவிடப் பெரிய பலன் தரும். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் கிட்டாரைச் சுவரில் அழகுக்காக மாட்டிவைக்காமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைப்பது நல்லது.

வாங்கும் விடயத்தில், நம்மூர்க் கடைகளில் எப்போதும் எல்லா வகையும் இருப்பதில்லை. தனி நிக்கலையும் உருண்டை நடுக்கம்பியையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லித்தான் தருவிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. தந்தியின் குறியீட்டு எண், 45 முதல் 105 வரை என்னும் தடிமன், நான்கு தந்தியா ஐந்து தந்தியா என்பது, 34 அங்குலத்துக்கான 'லோங் ஸ்கேல்' என்பது ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். கிட்டாரின் உடலுக்குப் பின்புறமாகத் தந்தி நுழையும் அமைப்பாக இருந்தால், தந்தியின் அடிநுனியிலுள்ள பந்து முனை தங்கும் இடத்திலிருந்து, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் நட் வரையான தூரத்தை நாடா வைத்து அளந்து அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறுகிய தந்தி வந்து சேர்ந்தால் பட்டு நூல் சுற்றிய மெல்லிய பகுதி நட்டுக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், அந்தத் தந்தியில் திறந்த சுரம் சரியாக ஒலிக்காது.